விலகித் திரும்பு

கருப்பூர் சிட்கோ, எட்டாம் எண் ஷெட்.
மெஷின் வந்து இறங்கிப் பதினொரு நாள்.
கிரேன் வாடகை, அஸ்திவாரம், பூசணிக்காய்
எல்லாம் அங்கமுத்துவின் கணக்கில் ஏறிவிட்டன.
ஒரு உருப்படிகூட வெளியே போகவில்லை.

பழையவை மூன்றும் நின்றபடி வேலை செய்பவை.
அவற்றின் இசட் மேலிருந்து இறங்கும்,
உலக்கை இறங்குவதுபோல.
இது படுத்த மெஷின்.
இதன் இசட் பக்கவாட்டில் நீள்கிறது,
அடுப்புக்குள் விறகைத் தள்ளுவதுபோல.
மேலே, கீழே என்பதற்கு இங்கே ஒய் என்று பெயர்.
நடுவில் சுழலும் மேசை,
மேசைமேல் நாலு முகத்து வார்ப்பிரும்புத் தூண்.
டூம்ஸ்டோன் என்பார்கள்.
கல்லறைக்கல் என்று நான் சொன்னது
அங்கமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.
"நல்ல வார்த்தையா சொல்லும்மா, லோன்ல வாங்கினது."

என் வேலை இடையில்.
கேம் சாஃப்ட்வேர் ஒரு பாதை சொல்கிறது,
மெஷினுக்கு அந்தப் பாஷை புரியாது.
இரண்டுக்கும் நடுவே ஒரு போஸ்ட்,
நாலாயிரத்துச் சொச்சம் வரி,
யாரோ எப்போதோ
நின்ற மெஷினுக்காக எழுதியது.
பெயர் போடவில்லை.
ஒரே ஒரு இடத்தில் குறிப்பு:
"இதைத் தொடாதே. ஏன் என்று தெரியவில்லை."
அந்த ஆளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.
அவர் சொன்னதைத் தொடவில்லை.
மற்றதையெல்லாம் தொட்டேன்.

பம்ப் உறை, நாலு பக்கமும் துளை.
முதல் முகம் சுத்தமாக முடிந்தது.
கடைசித் துளையை விட்டு ட்ரில் வெளியே வந்து
முகத்திலிருந்து மூன்று மில்லி தள்ளி நின்றது.
நின்ற மெஷினுக்கு அது போதும்.
அங்கே எதுவும் திரும்பாது.
இங்கே மேசை திரும்பியது.

சதுரம் திரும்பும்போது
அதன் மூலை வயிற்றைவிட வெளியே வரும்.
பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

சத்தம் பெரிதாக இல்லை.
பக்கத்து வீட்டில் யாரோ முறுக்குக் கடித்ததுபோல.
தீர்த்தகிரி ஃபீட் ஹோல்டை அழுத்தியபோது
பத்து மில்லி கார்பைடு இரண்டாக இருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
துண்டைப் பனியன் வேஸ்டால் துடைத்து
என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
சாப்பிடப் போனார்.

இரவு. திரையில்
பி தொண்ணூறு ஒரு வரி.
அதற்குக் கீழே, இசட் தன் இடத்துக்குப் போ.
தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

திரும்பி விலகு.
விலகித் திரும்பு.

அதே இரண்டு வினை.
எது எச்சம், எது முற்று என்பதற்கு
இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய், ஜிஎஸ்டி தனி.
இரண்டாவதில் ஒரு ஒற்று மிகுகிறது.
நாக்கு பல்லில் தட்டி நிற்கிறதே,
அந்தத் தகர இடைவெளியில்தான்
மேசையின் பிடியைத் தளர்த்தும்
எம் பதினொன்றை வைத்தேன்.

டீ குடிக்க வெளியே வந்தோம்.
காற்றில் மாக்னசைட் சூளையின் வாடை.
ஏற்காடு ரோட்டில் ஒரு லாரி வெளிச்சம்
கொண்டை ஊசியில் கொஞ்சம் பின்வாங்கி
அப்புறம் வளைந்தது.
அல்லது வளைந்ததாக நினைத்துக்கொண்டேன்,
அத்தனை தூரத்திலிருந்து அது தெரியாது.

இரண்டு மணிக்கு மறுபடியும், வெறுங்காற்றில்.
தீர்த்தகிரியின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான்மேல்.
ட்ரில் விலகியது.
விலகி, விலகி, இதற்குமேல் போக இடமில்லாத வரை.
கிளாம்ப் விட்டது, ஒரு பெருமூச்சு.
மேசை திரும்பியது.
தூணின் மூலை
யாரும் இல்லாத இடத்தைக் கடந்துபோனது.

அந்த வரிகளுக்கு மேலே எழுதினேன்:
"இதைத் தொடாதே. ஏன் என்றால்"
என்று தொடங்கி, மூலையின் ஆரம்,
ட்ரில்லின் நீளம், இன்றைய தேதி, என் பெயர்
மங்கையர்க்கரசி, போன் நம்பரோடு.

"எல்லாம் சரிதான் மேடம்" என்றார் தீர்த்தகிரி
மேசையைப் பார்த்தபடி.
"வலப்பக்கம் திரும்பணும்.
இது இடப்பக்கமில்ல திரும்பியிருக்கு?"

பி-க்கு முன்னால் கூட்டலா கழித்தலா?
கூலன்ட் தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
நாற்காலியை மறுபடி இழுத்துப் போடுகிறேன்.